கதிர்களின் காலம் – 12: மார்பில் மாட்டிய கணக்கு

போன இதழில் நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்தில் நின்றோம். ரேடியம் கலந்த சாயத்தில் தூரிகையைத் தோய்த்து, நுனி கூராக இருக்க வேண்டுமென்று உதட்டில் வைத்து இழுத்து, கடிகார எண்களுக்கு ஒளி தீட்டிய பெண்களைப் பார்த்தோம். பல் உதிர்ந்து, தாடை எலும்பு அரித்துப்போய் அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். வேலை செய்த நாள்களில் எவ்வளவு ரேடியம் உடம்புக்குள் போயிற்று என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அன்றன்று அளந்து எழுதிவைத்தவர் யாருமில்லை.

அந்தத் துண்டுச் சீட்டு எப்படிப் பிறந்தது, பிறந்த பிறகு யார் கையில் இருந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

நெருப்பு சுட்டால் கை தானாகப் பின்னுக்கு வரும். கதிர்வீச்சு படும்போது அப்படி ஒன்றும் நடப்பதில்லை. வலி இல்லை, மணம் இல்லை, சூடு இல்லை. இன்று பட்டது, போன மாதம் பட்டது, பத்து வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது பட்டது என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அந்தக் கணக்கை உடம்பு வாய் திறந்து சொல்லாது. சொல்கிற நாளில் நோயாகத்தான் சொல்லும். ஆகவே உடம்போடு ஒட்டிக்கொண்டு, உடம்புக்காக ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டியிருந்தது.

அப்படியொன்றை முதலில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர், அமெரிக்காவில் எக்ஸ்ரே குழாய் தயாரித்துக்கொண்டிருந்த ரோம் வாக்னர். 1907இல் அவர் புகைப்படத் தகடு ஒன்றை வெளிச்சம் படாமல் மூடிப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தார். மாலையில் தகட்டைக் கழுவிப் பார்ப்பார். கறுத்திருந்தால் இன்று கதிர் பட்டிருக்கிறது. வெளுப்பாக இருந்தால் நிம்மதியாகப் படுக்கலாம். எளிமையான யோசனை, ஆனால் அவருக்குப் பிந்தி வந்த யோசனை. அடுத்த ஆண்டே புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. தகடு பைக்குள் வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு எங்கும் எழுதப்படவே இல்லை.

அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், தோல்தான் அளவுகோல். எவ்வளவு கதிர் பட்டால் தோல் சிவக்கிறதோ அது ஒரு டோஸ். 1925இல் ஆர்தர் மட்ஷெல்லர் அந்தச் சிவப்பில் நூறில் ஒரு பங்கை ஒரு மாதத்துக்குத் தாங்கலாம் என்று கணக்குப் போட்டார். 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மருத்துவர்களும் இயற்பியலாளர்களும் ரான்ட்ஜன் என்ற அலகை ஏற்றுக்கொண்டார்கள்; கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கென்று உலகளாவிய குழு ஒன்றும் அங்கேதான் உருவாயிற்று. 1934இல் அந்தக் குழு நாளொன்றுக்கு 0.2 ரான்ட்ஜன் வரை போகலாம் என்றது. அமெரிக்கக் குழு அதையும் பாதியாக்கி 0.1 என்றது.

இந்த 0.1 என்பது பார்க்கச் சின்ன எண். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துப் பெருக்கினால் 30 ரான்ட்ஜன். இன்றைய அலகில் தோராயமாக 300 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நமக்கு வந்து சேர்வது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட்தான். இன்று இந்தியாவில் ஒரு கதிர்வீச்சுத் தொழிலாளிக்குச் சராசரியாக ஆண்டுக்கு அனுமதிக்கப்படுவது 20. அன்றைக்குப் பாதுகாப்பு என்று சொன்னதும் இன்றைக்குப் பாதுகாப்பு என்று சொல்வதும் பதினைந்து மடங்கு தள்ளி நிற்கின்றன. வரம்பு எப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால் முந்தைய வரம்புக்குள் வேலை செய்தவர்களின் உடம்புகள் இருந்தன.

•

1942 டிசம்பர் 2. சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் அணு உலையை எரியவைத்ததை இத்தொடரின் ஒன்பதாம் பகுதியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்றவர்களில் ஒருவர் எர்னஸ்ட் வோலன். அண்டக்கதிர் ஆராய்ச்சியாளர். போர்க்காலத் திட்டத்துக்குள் அவரை இழுத்துவந்ததே அளக்கத் தெரிந்த ஆள் என்பதற்காகத்தான்.

அதுவரை உலகத்தில் இருந்த ரேடியம் முழுவதையும் சேர்த்தால் ஒரு கிலோ, இரண்டு கிலோ தேறும். இப்போது ஓர் உலையில் உருவாகப்போகிற கதிரியக்கம் அதை எத்தனையோ மடங்கு தாண்டும். வேலைக்கு வரப்போகிறவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள். எல்லோருக்கும் பின்னால் ஆளுக்கொரு இயற்பியலாளர் கருவியோடு நடக்க முடியாது. மலிவாக, கனமில்லாமல், யாரும் குத்திக்கொள்ளக்கூடியதாக ஒன்று தேவை. பல் மருத்துவர்கள் வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுக்கும் சிறு பிலிம் துண்டு கைவசம் இருந்தது.

பிலிமில் ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள வெள்ளி, வலுக் குறைந்த கதிரைக் கண்டால் அளவுக்கு மீறிக் கறுத்துப்போகும். வலுவான காமா கதிர் அதே அளவு டோஸைத் தந்தாலும் அவ்வளவு கறுக்காது. கறுப்பை மட்டும் பார்த்து எண் சொன்னால் தப்பாகப் போகும். வோலன் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள காட்மியம் தகட்டைப் பிலிமின் ஒரு பகுதிக்கு மேல் போர்த்தினார். வலுக் குறைந்த கதிரைத் தகடு தின்றுவிடும். அதற்கடியில் விழும் கறுப்பு டோஸுக்கு ஏற்றபடி ஒழுங்காக வரும். மறுபகுதியில் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும்; பீட்டா கதிர் அங்கே தன் தடத்தைப் பதிக்கும். இரண்டு கறுப்புகளையும் ஒப்பிட்டால் எவ்வளவு பட்டது என்பதோடு எந்த மாதிரிக் கதிர் பட்டது என்றும் ஊகிக்கலாம். பிலிம் பேட்ஜ் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பொருள் இதுதான். அந்தப் போர்க்காலத் திட்டத்தின் தளங்களான ஓக் ரிட்ஜிலும் ஹான்ஃபோர்டிலும் அடையாள அட்டையோடு சேர்ந்து அது மார்புக்கு வந்தது.

பிலிமைக் கழுவிப் படித்து முடிக்க நாளாகும். அன்றன்றைய கணக்குக்குப் பேனா போன்ற இன்னொரு கருவி கொடுத்தார்கள். உள்ளே மின்னேற்றம் செய்த சிறு அறை. கதிர் படப்பட மின்னேற்றம் குறையும். மாலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பேனாக்கள். இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் சின்ன எண்ணையே பதிந்தார்கள். கேட்டவுடன் மோசடி போலத் தோன்றும். காரணம் நேர்மையானது: கீழே விழுந்தாலும் ஈரம் பட்டாலும் மின்னேற்றம் தானாகக் கசியும், கசிந்தால் எண் கூடத்தான் செய்யும், ஆகவே சின்ன எண்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும்.

இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஆரோக்கிய இயற்பியல்’. கதிர்வீச்சு என்ற சொல் வாயிலும் வரக்கூடாத காலம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே பெரும்பாலோர் ஹான்ஃபோர்டில் வேலை பார்த்தார்கள். தாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தது அணுகுண்டுக்கான புளுட்டோனியம் என்பது 1945 ஆகஸ்ட்டில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பேட்ஜ் மார்பில் இருந்தது. அது எதை அளக்கிறது என்பது அணிந்தவருக்குத் தெரியாது. இந்த உறவு முதல் நாளிலேயே இப்படித்தான் தொடங்கியது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். கணக்கு ஒருவருடைய உடம்பைப் பற்றியது, கணக்குப் புத்தகம் இன்னொருவர் அலமாரியில்.

•

அந்த அலமாரியைத் திறந்து பார்க்கும் சந்தர்ப்பம் 1964இல் வந்தது. அமெரிக்க அணுசக்தி ஆணையம் தன் தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராயும்படி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தாமஸ் மன்குசோவைக் கேட்டுக்கொண்டது. தொழில்நோய் ஆராய்ச்சியில் பழுத்தவர், அவசரப்படாதவர். இறப்புச் சான்றிதழ்களையும் பேட்ஜ் கணக்குகளையும் ஆள் ஆளாகப் பொருத்திக்கொண்டே பத்தாண்டுகள் போயின. 1974இல் வாஷிங்டன் மாநிலத்தின் சாமுவேல் மில்ஹாம் என்ற மருத்துவர், ஹான்ஃபோர்டு தொழிலாளர்களிடையே புற்றுநோய் இறப்பு கூடுதலாக இருப்பதாகக் கண்டார். அதை மறுத்து அறிக்கை விடும்படி மன்குசோவிடம் ஆணையத்தின் தரப்பில் கேட்டார்கள். என் ஆய்வு இன்னும் முடியவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். பின்னர் அவரது ஒப்பந்தமும் நின்றது.

அவர் இங்கிலாந்திலிருந்து ஆலிஸ் ஸ்டூவர்ட்டை வரவழைத்தார். கருவுற்ற பெண்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் வாய்ப்புக் கூடுகிறது என்று 1950களிலேயே எண்களால் காட்டிய பெண்மணி. அவரும் புள்ளியியலாளர் ஜார்ஜ் நீலும் மன்குசோவும் சேர்ந்து 1977இல் வெளியிட்ட கட்டுரை, வரம்புக்குள் இருந்த டோஸ்கூட ஹான்ஃபோர்டு தொழிலாளர்களுக்குத் தீங்கு செய்திருக்கிறது என்றது. அந்தக் கணக்குப் போட்ட முறையை மற்ற நிபுணர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். சச்சரவு பல ஆண்டுகள் ஓடியது. அவர்கள் சொன்ன எண்கள் எல்லாமே நிலைத்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலாளியின் மார்பில் தொங்கிய பிலிம் துண்டை மருத்துவச் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியும் என்று அவர்கள் காட்டியது நிலைத்தது.

2015இல் அதன் முழு விளைச்சல் வந்தது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாடுகளிலும் அணுத்துறையில் வேலை செய்த 308,297 பேரின் டோஸ் கணக்கை ஒன்றாகக் கோர்த்து ஆராய்ந்தார்கள். ஒருவரின் எலும்பு மஜ்ஜையில் வேலைக்காலம் முழுக்கச் சேர்ந்தது சராசரியாக 16 மில்லிகிரே. இவ்வளவு குறைந்த சேர்மானத்திலும், டோஸ் ஏற ஏற ரத்தப் புற்றுநோய் இறப்பும் ஏறுவது தெரிந்தது. ஒரு தனி மனிதரிடம் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூன்று லட்சம் பேர், பல பத்தாண்டுகள், தவறாமல் மாற்றிய பேட்ஜ்கள். அதனால்தான் தெரிந்தது.

அப்படியானால் அந்தப் பழைய எண்கள் எவ்வளவு நம்பகமானவை? இந்தக் கேள்வியில் சற்று நின்றுதான் போக வேண்டும்.

பிலிமால் ஓரளவுக்குக் கீழே உள்ள டோஸைப் பிரித்தறிய முடியாது. ஆரம்பகாலத்தில் அந்த எல்லை ஏறத்தாழ 30 மில்லிரெம். அதற்குக் கீழே இருந்தால் பதிவேட்டில் ‘சுழியம்’ என்று எழுதினார்கள். பிலிமை வாரம் ஒருமுறை மாற்றினார்கள். ஒருவர் வாரந்தோறும் 29 மில்லிரெம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 52 வாரமும் சுழியம். ஆண்டுக் கணக்கும் சுழியம். உண்மையில் அவர் வாங்கியது 1500 மில்லிரெம், அதாவது 15 மில்லிசீவெர்ட். யாரும் பொய் எழுதவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு மனிதரின் ஓராண்டு காணாமற்போய்விட்டது. அடிக்கடி மாற்றுவது அதிகக் கவனம் என்று நினைத்தார்கள். இந்த விஷயத்தில் அடிக்கடி மாற்ற மாற்ற அதிகம் தொலைந்தது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் அணுஆயுதத் தொழிலாளர்களுக்கு நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது, இந்தத் தொலைந்துபோன டோஸையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டியதாயிற்று. பதிவேட்டில் சுழியம் இருக்கும் இடங்களில் எவ்வளவு இருந்திருக்கக்கூடும் என்று கணக்கிடுவதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது.

•

1663இல் ராபர்ட் பாயில் லண்டனின் ராயல் சொசைட்டியில் ஒரு விந்தையைச் சொன்னார். வைரம் ஒன்றைப் படுக்கைக்கு எடுத்துப்போய், தன் உடம்புச் சூட்டில் வைத்திருந்தபோது இருட்டில் அது மெல்ல ஒளிவிட்டதாம். படிகத்துக்குள் சிக்கிக்கிடந்த ஆற்றல், சூடுபட்டதும் வெளிச்சமாக வெளியேறியது என்று இன்று விளக்கம் சொல்கிறோம். இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபாரிங்டன் டேனியல்ஸ் இதே விந்தையைக் கதிர்வீச்சை அளக்கத் திருப்பினார். லித்தியம் ஃபுளோரைடு போன்ற படிகத்தில் கதிர் படும்போது எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து பள்ளங்களில் விழுந்துவிடுகின்றன. மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சூடாக்கினால் மேலேறி வந்து ஒளியாகும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு டோஸ். டி.எல்.டி. என்று ஆஸ்பத்திரி ஊழியர்கள் சொல்லும் மூன்றெழுத்து இதுதான்.

இந்தியாவிலும் முதலில் பிலிம்தான். நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பிலிம் தாங்காது. கதிரே படாமலும் மூட்டம் போட்டுக்கொள்ளும். பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையம் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு சேர்த்து வட்டச் சில்லுகளாக்கியது. ஒரு பேட்ஜில் மூன்று சில்லுகள்: ஒன்று உலோக வடிகட்டிக்குக் கீழே, ஒன்று பிளாஸ்டிக்குக் கீழே, ஒன்று திறந்தவெளியில். வோலனின் காட்மியம் யோசனையின் பேரப்பிள்ளை. 1975 முதல் அது நாடெங்கும் போயிற்று. இன்று அணுமின் நிலையத்திலும், புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும், குழாய்ப் பற்றவைப்பைக் கதிரால் சோதிக்கும் களத்திலும் மார்பில் தொங்குவது அதுதான்.

படிகம் பல வகையிலும் பிலிமை வென்றது. திரும்பத் திரும்பப் பயன்படும், சின்ன டோஸையும் பிடிக்கும், புழுக்கம் தாங்கும். ஒன்றில் மட்டும் தோற்றது. பிலிமைக் கழுவிய பிறகும் கறுப்பு இருக்கும். இருபது ஆண்டு கழித்தும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். படிகத்தைச் சூடாக்கிப் படித்தால் அந்தப் படிப்போடு ஞாபகம் அநேகமாக அழிந்துவிடும். ஒரே ஒருமுறைதான் அது பேசும். அதன்பின் மிஞ்சுவது யாரோ எழுதிவைத்த எண் மட்டுமே. சாட்சி போய்விடுகிறார், சாட்சியின் வாக்குமூலம் மட்டும் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை வைத்திருப்பவருக்கு இதனால் எவ்வளவு பொறுப்பு கூடுகிறது என்று பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் எக்ஸ்ரே அறையில் காத்திருந்தேன். சுவரில் ஆணி. ஆணியில் பேட்ஜ். படம் எடுப்பவர் மும்முரமாக உள்ளே போய்வந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, இது உங்க பேட்ஜ்தானே?”

“ஆமா தம்பி.”

“போட்டுக்கலையா?”

“போட்டுக்கிட்டே திரிஞ்சா எங்கயாவது விழுந்துடுது. தொலைஞ்சா என்னைத்தான கேப்பாங்க. இங்கன இருந்தா பத்திரம்.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆணியின் டோஸ் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அலட்சியக்காரர் இல்லை. என் காலை அவ்வளவு பதமாகத் திருப்பி வைத்துப் படம் எடுத்தவர். அந்தப் பேட்ஜ் தனக்காக இருப்பது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நிர்வாகத்தின் பொருள், தொலையாமல் திருப்பித் தர வேண்டும் என்றுதான் அவருக்குப் பட்டிருந்தது.

•

அணிந்தவரே கணக்கை மறைக்க வேண்டிய நிலையும் வந்தது. அதை ஜப்பானில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

அங்கே அணுமின் நிலையத்து வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்களிடம் போகும். அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தம், அதற்குக் கீழே இன்னொன்று. பராமரிப்புக்காக ஓர் உலை நிற்கும்போது அங்கே வேலை. அது முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த உலை. இப்படி அலைகிறவர்களின் டோஸை ஒரே இடத்தில் சேர்க்க 1977இல் நாடு தழுவிய பதிவு மையம் வைத்தார்கள். ஆளுக்கொரு கைப்புத்தகமும் உண்டு. எந்த நிலையம், எத்தனை நாள், எவ்வளவு டோஸ், ரத்தப் பரிசோதனை என்ன என்று அதில் ஏறும். நல்ல ஏற்பாடு. சட்டப்படி ஓராண்டில் 50, ஐந்தாண்டில் 100 மில்லிசீவெர்ட். அதை எட்டிவிட்டால் அந்த ஆளுக்கு உலைக்குள் வேலை இல்லை.

நிரந்தர ஊழியருக்கு அது பாதுகாப்பு. வேறு மேசைக்கு மாற்றிவிடுவார்கள். தினக்கூலிக்கு? டோஸ் தீர்ந்தால் சோறு தீர்ந்தது. 1979இல் ஹோரியே குனியோ என்ற எழுத்தாளர் மிஹாமா, ஃபுகுஷிமா, சுருகா மூன்று நிலையங்களிலும் கூலியாளாகச் சேர்ந்து உழைத்துவிட்டு வந்து, அந்த நாடோடித் தொழிலாளர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். உலைக்குள் போகும் முன் அளவியைக் கதிர் குறைந்த இடத்தில் விட்டுவிட்டுப் போவது, அல்லது வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று இத்தொழிலில் இருந்தவர்கள் பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

பதிவேட்டின் எண் எவ்வளவு பெறுமானமுள்ளது என்பது நோய் வந்தால்தான் தெரியும். ரத்தப் புற்றுநோய்க்கு இழப்பீடு கொடுக்க ஜப்பான் 1976இல் ஒரு வரையறை வைத்தது: வேலை செய்த ஆண்டுகளை ஐந்தால் பெருக்கு, அவருடைய மொத்த டோஸ் அத்தனை மில்லிசீவெர்ட்டை எட்டுகிறதா என்று பார். 1991இல் ஹமவோகா நிலையத்தில் வேலை செய்த ஓர் இளைஞர் 29 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவர் கைப்புத்தகத்தின் கூட்டுத்தொகை 50.63 மில்லிசீவெர்ட். பெற்றோர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போராடினார்கள். 1994இல் தொழில்நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நியூஜெர்சிப் பெண்களிடம் இல்லாத துண்டுச் சீட்டு அந்தத் தாயிடம் இருந்தது.

பிறகு 2011 மார்ச் 11. ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் சுமார் ஐயாயிரம் தனிநபர் அளவிகள் இருந்தன. கடல் ஏறிவந்து போன பிறகு உருப்படியாக மிஞ்சியவை ஏறக்குறைய 320. உலைகள் உருகிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், கதிர்வீச்சு என்றைக்கும் இல்லாத உச்சத்தில் இருந்த நாள்களில், ஒரு குழுவுக்கு ஓர் அளவிதான். தலைவர் குத்திக்கொள்வார், அவர் வாங்கியதே மற்றவர்களும் வாங்கியது என்று எழுதினார்கள். மாத இறுதி வரை அப்படியே நடந்தது. ஒரே கட்டடத்தில் நான்கடி தள்ளி நின்றாலும் டோஸ் மாறுகிற இடம் அது. மார்ச் 14இல் நெருக்கடிகால வரம்பையும் 100இலிருந்து 250 மில்லிசீவெர்ட்டாக உயர்த்தினார்கள்.

மார்ச் 24. மூன்றாம் உலையின் டர்பைன் கட்டட அடித்தளத்தில் மூன்று பேர் மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் பார்த்தபோது அங்கே தண்ணீரும் இல்லை, கதிர்வீச்சும் குறைவு. இப்போது கால் நனையும் தண்ணீர். இருவருக்குச் சாதாரணக் காலணி. மார்பில் இருந்த அளவிகள் 20 மில்லிசீவெர்ட்டில் அலறும்படி வைக்கப்பட்டிருந்தன. அவை அலறின. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். வெளியே வந்து பார்த்தபோது 170, 180 என்று நின்றது. நேற்று இங்கே ஒன்றுமில்லை என்று சொன்ன அதே கருவிகளின் வார்த்தையை நம்பித்தான் இறங்கினார்கள். இன்று அவை மாற்றிச் சொன்னபோது நம்பவில்லை. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த நிலையத்தில் அப்போது கெட்டுப்போகாத கருவி எது?

மிக அதிக டோஸ் வாங்கியவர்கள் கட்டுப்பாட்டு அறையில் உலையை இயக்கிய இரண்டு ஊழியர்கள். 678, 643 மில்லிசீவெர்ட். இந்த எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 678இல் மார்பு அளவி கண்டது வெறும் 88. மிச்சம் 590 மூச்சோடு உள்ளே போன கதிரியக்க அயோடின். அதற்கேற்ற வடிகட்டி பொருத்திய முகமூடியை அவர்கள் நேரத்துக்கு அணியவில்லை. பேட்ஜ் வெளியிலிருந்து வருவதைத்தான் பார்க்கும். உள்ளே குடிபுகுந்ததை அது பார்க்காது.

அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, நிலையத்தைச் சீராக்கும் வேலையில் இருந்த ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் அதிகாரி, தன் ஆள்களிடம் ஈயத் தகட்டால் செய்த உறைகளைக் கொடுத்து அளவியை அதற்குள் வைக்கச் சொன்னார். மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர் தன் ஆள்களிடம் பேசியதை ஒருவர் பதிவு செய்திருந்தார்; 2012 ஜூலையில் ஆசாஹி நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது. அதிகாரியின் வாதம் இதுதான்: டோஸ் சீக்கிரம் தீர்ந்துபோனால் அப்புறம் ஆண்டு முழுக்க அணுஉலை வேலை கிடைக்காது. சில மில்லிமீட்டர் ஈயம் சீசியத்தின் காமா கதிரில் மூன்றிலொரு பங்கைக்கூடச் சரியாகத் தடுக்காது. தடுக்கிற அந்தக் கொஞ்சமும் அளவிக்கு மட்டும்தான். அதன் பின்னாலிருந்த நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் கதிர் முழுசாகவே போயிற்று. பிழைப்பைக் காக்க எண்ணைக் குறைத்தார்கள். அந்தத் தொழிலாளர்களில் ஒருவருக்குப் பிற்காலத்தில் நோய் வந்திருந்தால், இழப்பீட்டு அலுவலகத்தின் மேசையில் இந்தக் குறைத்த எண்தான் அவருக்கு எதிராக எழுந்து நின்றிருக்கும்.

2015 அக்டோபரில், ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் அங்கே சீரமைப்பில் ஈடுபட்ட ஒரு தொழிலாளியின் ரத்தப் புற்றுநோயை ஜப்பான் அரசு முதல்முறையாகத் தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டது. அவர் கணக்கில் இருந்தது மொத்தம் 19.8 மில்லிசீவெர்ட், அதில் 15.7 ஃபுகுஷிமாவில் சேர்ந்தது. ஆண்டு வரம்பில் பாதிகூட இல்லை. தசமத்துக்குப் பின்னால் உள்ள இலக்கம்வரை ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்திருந்ததால் அந்த மனு பிழைத்தது.

•

நம் கல்பாக்கத்திலும் ஒரு நாள் உண்டு. 2003 ஜனவரி 21. எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையின் கழிவுத் தொட்டிகள் இருக்கும் பகுதி. கதிரியக்கம் மிகுந்த கழிவையும் குறைந்த கழிவையும் பிரித்து வைத்திருந்த வால்வு ஒன்று பழுதாகி, மிகுந்தது குறைந்ததற்குள் கசிந்திருந்தது. குறைந்த கழிவு என்று நம்பி மாதிரி எடுக்கப் போனவர்கள் எடுத்து வந்தது வேறொன்றை. அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டி எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஆறு ஊழியர்கள் வாங்கியது 280 முதல் 420 மில்லிசீவெர்ட். நம் நாட்டு விதிப்படி எந்த ஓராண்டிலும் ஒருவர் 30ஐத் தாண்டக்கூடாது.

ஊழியர் சங்கம் அந்த வாரமே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. வேலைநிறுத்தமும் நடந்தது. வெளியுலகத்துக்கு விவரம் முழுதாகத் தெரிய ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று. இந்திய அணுத்துறை வரலாற்றில் ஊழியர்களுக்கு நேர்ந்த மிக மோசமான கதிர்வீச்சு விபத்து என்று பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரே சொன்னார்.

டி.எல்.டி. பேட்ஜுக்குக் குரல் கிடையாது; எச்சரிக்காது, நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். கல்பாக்கத்தில் தேவைப்பட்டது சுவரில் ஒரு கருவி, அந்த நிமிஷமே கத்துகிற கருவி. சங்கத்தின் கோரிக்கைகளுக்கு அடியில் ஓடியதும் இதுதான்: எங்களைப் பற்றிய எண் எங்களுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். 1944இல் ஹான்ஃபோர்டின் வாயிலில் பேட்ஜை வாங்கிக் குத்திக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் உள்ளே போன மனிதருக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி.

ஃபுகுஷிமாவின் கட்டுப்பாட்டு அறையில் இருவர் மூச்சோடு உள்வாங்கிய 590ஐயும் 540ஐயும் பேட்ஜ் காணவில்லை என்றால், பின் யார் கண்டார்கள்? ஒரு மனிதரை இரும்பு அறைக்குள் படுக்கவைத்து, அவர் உடம்பிலிருந்தே கசியும் கதிரை எண்ணுகிற முறை ஒன்று உண்டு. போர்க்காலத்துப் பழைய கப்பல்களின் இரும்பைத் தேடிப்போய் அந்த அறைகளைக் கட்டினார்கள். அது அடுத்த வாரம்.

(தொடரும்)